கண்மணி சுருங்குது, வியர்வை கொட்டுது: மருந்தடித்தவர் உடம்பில் எந்த நரம்பு வேலை செய்கிறது?

#1 பனிமூட்டம்

நர்சிங் இரண்டாம் வருடத்துக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. அட்டவணைப்படி பரிவு நரம்பு ஆபத்து நேரத்துக்கு: கண்மணி விரியும், இதயம் வேகமெடுக்கும், வியர்க்கும். எதிர்ப்பரிவு நரம்பு ஓய்வு நேரத்துக்கு: கண்மணி சுருங்கும், இதயம் மெதுவாகும், எச்சில் ஊறும்.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறிய ஆளைப் பாருங்கள். கண்மணி குண்டூசி முனை, எச்சில் ஒழுகுது, வயிறு பிசையுது. சரி, எதிர்ப்பரிவு. ஆனால் ஊட்டி டிசம்பர் குளிரில் சட்டை பிழிகிற அளவு வியர்வை. வியர்வை பரிவு நரம்பின் வேலை அல்லவா? சிலருக்கு நாடி 120 வேறு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படி?

#2 தண்டுவடம்

மேடம், அட்டவணை பொய் இல்லை. அது நரம்பு எங்கே கிளம்பி எந்த உறுப்புக்குப் போகிறது என்று பிரிக்கிறது. விஷம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் சொட்டுகிறது என்று மட்டும் பார்க்கிறது. இந்த இரண்டு பிரிவினையும் ஒரே கோட்டில் வெட்டாது. வெட்டாத இடம்தான் வியர்வைச் சுரப்பி.

முதலில் கம்பி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். மூளையிலிருந்து 12 இணைக் கபால நரம்புகள். தண்டுவடத்திலிருந்து 31 இணை: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வாலெலும்பில் 1. ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர். பின்வேர் வழியாக உணர்ச்சி உள்ளே வரும், முன்வேர் வழியாகக் கட்டளை வெளியே போகும். எலும்புத்தசைக்குப் போகிற கட்டளை நேர் பஸ். தண்டுவடத்தின் முன்கொம்பில் ஏறினால் நடுவில் எங்கும் இறங்காமல் தசையில் போய்த்தான் நிற்கும். இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் ஒரே செல்லின் ஒரே இழை.

தன்னியக்க நரம்பு அப்படி இல்லை. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறவர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலுக்கு மாறுவது மாதிரி, நடுவில் ஒரு மாற்றம் கட்டாயம். மாறுகிற இடம் நரம்பு முடிச்சு. பரிவு நரம்பு மார்பு 1 முதல் இடுப்பு 2 வரையான தண்டுவடத்திலிருந்து மட்டுமே கிளம்பும். முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் ஓடும் சங்கிலியிலேயே பெரும்பாலும் மாறிவிடும். வயிற்று உறுப்புகளுக்குப் போவது மட்டும் சங்கிலியைத் தாண்டிப் பெருந்தமனிக்கு முன்னால் உள்ள முடிச்சுகளில் மாறும். எதிர்ப்பரிவு 3, 7, 9, 10ஆம் கபால நரம்புகள் வழியாகவும் திரிகம் 2 முதல் 4 வரை வழியாகவும் வரும். அது உறுப்பின் வாசலிலோ உறுப்பின் சுவருக்குள்ளேயோதான் மாறும்.

இனி வேதிப்பொருள். முதல் வண்டி எந்தப் பிரிவானாலும் முடிச்சில் இறக்குவது அசிட்டைல்கோலின். இரண்டாவது வண்டியில்தான் வித்தியாசம். எதிர்ப்பரிவு முனையில் மறுபடியும் அசிட்டைல்கோலின், பரிவு முனையில் பெரும்பாலும் நார்அட்ரினலின். பெரும்பாலும் என்பதைப் பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் பரிவு இழை வழியால் பரிவு, சரக்கால் அசிட்டைல்கோலின். பூனையின் பாதத்தை வைத்து ஆய்வாளர்கள் டேலும் ஃபெல்ட்பெர்கும் 1934இல் காட்டியது இதைத்தான். அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்கு இரண்டாவது வண்டியே கிடையாது. முதல் இழை நேராகச் சுரப்பிக்குள் போய் அசிட்டைல்கோலினைக் கொட்டும், சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடும்.

ஆர்கனோபாஸ்பேட் செய்வது ஒரே வேலை. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியான கோலினெஸ்டரேஸைக் கட்டிப்போடும். சொட்டியது உடையாமல் தேங்கும். ஆகவே அசிட்டைல்கோலின் உள்ள எல்லா இடமும் கெடும்: எதிர்ப்பரிவு முனைகள், வியர்வைச் சுரப்பி, இரு பிரிவு முடிச்சுகள், அட்ரினல், எலும்புத்தசை, மூளை. உங்கள் நோயாளி எதிர்ப்பரிவு நோயாளி இல்லை, அசிட்டைல்கோலின் நோயாளி.

#3 பனிமூட்டம்

நாடி 120க்கும் இதுவே காரணமா?

#4 தண்டுவடம்

ஆமாம். 10ஆம் கபால நரம்பான வேகஸின் எதிர்ப்பரிவு முனை இதயத்தை இழுத்துப் பிடிக்கும். பரிவு முடிச்சும் அட்ரினலும் தள்ளிவிடும். எது முந்துகிறதோ அதுதான் நாடி. மூச்சுத் திணறி ஆக்சிஜன் குறைந்தாலும் வேகம் கூடும். அதனால் நாடி வேகமாக இருப்பதை வைத்து ஆர்கனோபாஸ்பேட் இல்லை என்று சொல்லவே கூடாது.

ஒரு கொசுறு. கண்மணி சிறுத்திருப்பது ஹார்னர் நோய்க்குறியிலும் உண்டு. அங்கே கழுத்து வழியாக மேலே ஏறும் பரிவுச் சங்கிலி அறுந்திருக்கும். ஒரு கண் மட்டும், இமை லேசாகத் தொங்கும், அந்தப் பக்க நெற்றி வறண்டு கிடக்கும். நெற்றி வியர்வைக்கான நரம்பும் மார்பிலிருந்து ஏறித்தான் வருகிறது. இரு கண்ணும் சிறுத்து நெற்றியும் நனைந்திருந்தால் விஷம். தேர்வில் கேட்க அருமையான கேள்வி.

#5 கேத்தி_காய்கறி

ஐயா, இதைக் கொஞ்சம் தோட்டத்துப் பக்கமும் இழுத்து வரணும். இங்க கேரட்டுக்கும் உருளைக்கும் மருந்தடிக்கிறவங்க சளி பிடிச்சிருக்குன்னுதான் முதல்ல நினைக்கிறாங்க. காலைப் பனியில எல்லாருக்கும் மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி வரும், நெஞ்சு இறுகும். எப்படிப் பிரிக்கிறது?

இன்னொண்ணு: உருளைக் கருகலுக்கு மேன்கோசெப் அடிக்கிறாங்க. டப்பாவில 'டைதயோகார்பமேட்'னு இருக்கு. கார்பமேட்டுன்னாலும் இதே விஷம்தான்னு கடையில சொல்றாங்க.

#6 அவசரப்_பிரிவு

கடைக்காரர் சொன்னது பாதி சரி. கார்போஃபியூரான் மாதிரி கார்பமேட்டுகள் கோலினெஸ்டரேஸைக் கட்டும், ஆனால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே விட்டுவிடும். மேன்கோசெப் பெயரில் மட்டும்தான் உறவு. அது இந்த நொதியைத் தொடுவதாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. தோல் அரிப்பு, கண் எரிச்சல் வரும், கண்மணி சுருங்காது. ஆனால் ஒரே டேங்கில் மேன்கோசெப்பையும் ஆர்கனோபாஸ்பேட்டான குளோர்பைரிபாஸையும் கலந்து அடிக்கிற வழக்கம் இருக்கிறதே! 'என்ன அடிச்சீங்க' என்று கேட்டால் ஒரு பெயர்தான் வரும். கலந்த எல்லா டப்பாவையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

முகத்தில் மட்டும் சுருசுருவென்று குத்துகிறது, வேறொன்றும் இல்லை என்றால் சைபர்மெத்ரின் வகையாக இருக்கலாம். அது தோலில் உள்ள உணர்ச்சி நரம்பு இழையின் சோடியம் வாயிலைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். அதற்கு ஆர்கனோபாஸ்பேட்டுக்குப் போடும் முறிமருந்தான அட்ரோபின் வேண்டாம்.

சளியா விஷமா? நிழலில் நிறுத்திக் கண்ணைப் பாருங்கள். டார்ச் அடித்தால் எல்லாருக்கும்தான் சுருங்கும், அது சோதனையே இல்லை. மங்கல் வெளிச்சத்தில் நல்ல கண்மணி 4 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து நிற்கும். விஷமேறிய கண்ணில் 1, 2 மில்லிமீட்டரிலேயே நிற்கும். ஆளும் 'கண்ணு இருட்டுது, புருவத்துக்கு மேலே வலிக்குது' என்பார், கண்ணுக்குள் குவியத்தசையும் இறுகுவதால். அடுத்து அக்குளில் கை வையுங்கள். குளிரில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அக்குள் நனைந்திருக்க வேலையில்லை.

#7 வளைவு14

ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. மலையில் இதில் அடிக்கடி ஏமாறுவது நடுக்கம். ஈரச் சட்டையோடு இருக்கும் ஆள் நடுங்கினால் குளிர் என்று கம்பளி போர்த்திவிட்டு விட்டுவிடுவோம்.

குளிர் நடுக்கம் தாளத்தோடு வரும். தாடை, தோள், கை எல்லாம் சேர்ந்து ஆடும், மூட்டு அசையும். விஷத் துடிப்பில் மூட்டு அசையாது. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி அங்கொன்று இங்கொன்றாகத் துள்ளும். கெண்டைக்கால், தொடை, மார்பு, கீழ் இமை ஆகிய இடங்களில் போர்வையை விலக்கி அரை நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்த்தால் நேர் பஸ் முனையும் கெட்டுவிட்டது என்று அர்த்தம், மூச்சுத்தசை அடுத்தது.

#8 தண்டுவடம்

நல்ல கண். அங்கே ஏற்பி, அதாவது அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடம், வேறு. தசையிலும் முடிச்சிலும் இருப்பது நிகோடினிக் வகை. சுரப்பி, கண்மணி, குடல், மூச்சுக்குழல், இதயத்தில் இருப்பது மஸ்கரினிக் வகை. அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டும்தான் அடைக்கும். எச்சிலும் நெஞ்சுச் சளியும் வற்றும், தசை வலு திரும்பாது.

#9 பனிமூட்டம்

அட்ரோபின் அளவை யாராவது விளக்குங்களேன். ஒரு ஆம்பியூல், இரண்டு ஆம்பியூல் என்று பழகிய பிள்ளைகள் இதைக் கேட்டு மிரளுகிறார்கள்.

#10 அவசரப்_பிரிவு

மிரளத்தான் செய்யும். இது மருத்துவமனைக்குள் நடப்பது, வீட்டில் முயல்வதற்கில்லை.

பெரியவருக்குத் தொடக்கம் 1.8 முதல் 3 மி.கி. நம்மிடம் உள்ள ஆம்பியூல் 0.6 மி.கி. என்றால் 3 முதல் 5 ஆம்பியூல், சிரை வழியாக ஒரே தள்ளு. 5 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் இரட்டிப்பு. 3, 6, 12, 24 ஆம்பியூல் என்று போனால் கால்மணி நேரத்தில் 45 ஆம்பியூல், 27 மி.கி. ஆகிவிடும். கடுமையான நோயாளிக்கு இது அதிசயமே இல்லை. எங்கே நிறுத்துவது? நெஞ்சில் கரகரப்பு அடங்க வேண்டும், நாடி 80க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல், அக்குள் காய வேண்டும், கண்மணி குண்டூசி நிலையிலிருந்து வெளியே வர வேண்டும். இவற்றில் முதன்மையானது நெஞ்சு. இந்த நோயாளி மூழ்குவது தன் சுரப்பிலேயே.

நாடி 120 இருக்கிறதே, அட்ரோபின் போடலாமா என்று தயங்கி நிற்பது பெரிய தவறு. நெஞ்சு நனைந்திருந்தால் போட வேண்டும். நெஞ்சு காய்ந்து ஆக்சிஜன் ஏறியதும் நாடி இறங்குவதும் உண்டு.

நிலைப்பட்டதும் மொத்தம் போட்டதில் 10 முதல் 20 சதவீதம் ஒவ்வொரு மணி நேரமும் சொட்டாக. 27 மி.கி.க்கு 2.7 முதல் 5.4 மி.கி., அதாவது மணிக்கு 4.5 முதல் 9 ஆம்பியூல். குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ கோவைக்கு அனுப்பும்போது வண்டியில் எத்தனை ஆம்பியூல் இருக்கிறது என்று எண்ணாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. வளைவில் ஸ்டாக் தீர்ந்தால் வாங்க இடமில்லை.

அதிகமாகிவிட்டால் அதுவும் தெரியும். குடல் சத்தம் நின்றுவிடும், காய்ச்சல், பிதற்றல், காற்றில் எதையோ பொறுக்குவது. அப்போது சொட்டை நிறுத்தி, 30 முதல் 60 நிமிடம் பொறுத்து, முன்பிருந்த வேகத்தில் 70, 80 சதவீதத்தில் மறுபடி தொடங்குவது வழக்கம்.

#11 வளைவு14

அதற்கு முன் கழுவல். ரப்பர் கையுறை, முடிந்தால் நைட்ரைல். முதுகு பம்ப் மூடி கசிந்து முதுகும் இடுப்புப் பட்டையும் நனைந்திருக்கும், அதைக் கவனிப்பதே இல்லை. உடையை முழுதும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். சோப்புத் தண்ணீர் தலைமுடி, காதுமடல் பின்புறம், நகக்கண், தொப்புள் வரை. தோல் செருப்பும் தோல் வாட்ச் பட்டையும் மருந்தை உறிஞ்சிவிடும், கழுவிப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். இங்கே பச்சைத்தண்ணீர் ஊற்றினால் உடம்பு சில்லிட்டு நாடி இன்னும் இறங்கும், எது விஷம் எது குளிர் என்று பிரிக்க முடியாமல் போகும். வெதுவெதுப்பான தண்ணீர், உடனே துடைத்துக் காய்ந்த கம்பளி. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துத்தான் மலை இறங்க வேண்டும்.

#12 கேத்தி_காய்கறி

ஒரு சந்தேகம். அட்ரோபின் ஊமத்தைக் குடும்பத்திலிருந்து வந்ததுன்னு சொல்றாங்க. ஊட்டி ரோட்டோரம் தலைகீழா எக்காளம் மாதிரி தொங்குற வெள்ளைப்பூ, ஏஞ்சல்ஸ் டிரம்பெட், அதுவும் அதே குடும்பம்தானே. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள அதை அரைச்சுக் கொடுத்தா முறியாதா?

#13 அவசரப்_பிரிவு

கூடவே கூடாது. ஒரு பூவில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி, இலைக்கு இலை மாறும். அதில் அட்ரோபினின் உறவான ஹையோசயமினோடு ஸ்கோபோலமினும் இருக்கிறது, மூளையைக் கலக்கும். நினைவு மங்கிய ஆளின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். ஒரு விஷத்தோடு வந்தவரை இரண்டு விஷத்தோடு அனுப்பிவைப்பதுதான் மிச்சம்.

#14 தண்டுவடம்

ஆனால் வகுப்புக்கு அந்தப் பூவைப் போல ஆசிரியர் கிடைக்காது. ஆர்கனோபாஸ்பேட்டின் கண்ணாடிப் பிம்பம் அது. ஏற்பியை அடைத்துவிடுவதால் கண்மணி விரிந்து நிற்கும், நாக்கு ஒட்டும், சிறுநீர் கட்டும், நாடி ஓடும். வியர்வை நின்றதால் உடம்பு கொதிக்கும். அக்குள் காய்ந்த காகிதம் மாதிரி. பரிவு நரம்பு தூண்டப்பட்டிருந்தால் கண்மணி விரிவதோடு வியர்த்திருக்கவும் வேண்டும். வியர்வை இல்லாததே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு விஷயம், தோட்ட வேலைக்காரர்கள் கவனத்துக்கு. அந்தச் செடியைக் கவாத்து செய்த கையால் ஒரு கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்மணி மட்டும் பெரிதாகி நாள்கணக்கில் அப்படியே நிற்கும். மூளையில் ரத்தக்கசிவு, மூன்றாம் கபால நரம்பு அழுந்துகிறது என்று ஸ்கேனுக்கு ஓடுவார்கள். தலைவலி, இமை தொங்கல், கண் அசைவுக் குறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஸ்கேன்தான், பேச்சில்லை. ஒன்றும் இல்லை என்றால் கண் மருத்துவர் 1 சதவீத பைலோகார்பைன் சொட்டு விடுவார். நரம்பு கெட்டிருந்தால் ஏற்பி சும்மா காத்திருக்கிறது, கண்மணி சுருங்கும். செடிச் சாறு ஏற்பியையே அடைத்திருந்தால் அசையாது.

#15 பனிமூட்டம்

பிராலிடாக்சிம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாடத்தில் கட்டாயம் என்று இருக்கிறது.

#16 அவசரப்_பிரிவு

வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். கொள்கையளவில் அது நொதியிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். நிகோடினிக் பக்கத்துக்கும் பலன் தர வேண்டும். ஆனால் கட்டிய பாஸ்பேட் நேரம் போகப் போக இறுகிவிடும், பிறகு எதுவும் கழற்றாது. டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் மாதிரி டைமெத்தில் வகையில் பாதி நொதி 3.7 மணி நேரத்தில் இறுகும். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் மாதிரி டைஎத்தில் வகையில் சுமார் 33 மணி நேரம். ஆகவே டைமெத்தோயேட் ஏறி எட்டு மணி நேரம் கழித்து வருகிறவருக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு கிலோவுக்கு 30 மி.கி. மெதுவாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8 மி.கி. வீதம்.

#17 தண்டுவடம்

மெதுவாக என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வேகமாகத் தள்ளினால் வாந்தி, நாடி ஓட்டம், இதயம் நிற்பது வரை போகும். எனக்கென்னவோ 'கட்டாயம்' என்ற சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்துவிடலாம். நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்.

#18 அவசரப்_பிரிவு

எடுத்துவிடக் கூடாது சார். டைஎத்தில் வகை, சீக்கிரம் வந்தவர், தசைத் துடிப்பு உள்ளவர் என்றால் நான் போடுவேன். அட்ரோபினுக்கு மாற்றாக நினைப்பதைத்தான் நிறுத்த வேண்டும். மயக்க மருத்துவர்களுக்கு ஒரு வரி: மூச்சுக்குழாய் போடத் தசை தளர்த்தும் சக்சமெத்தோனியம் எடுத்தால் அதை உடைக்க வேண்டிய நொதியும் கட்டுண்டு கிடக்கிறது, தளர்ச்சி மணிக்கணக்கில் நீளும். ரோக்குரோனியம் நல்லது.

#19 வளைவு14

இரண்டாம் நாள் 'நல்லா இருக்கேன், வீட்டுக்கு அனுப்புங்க' என்பவர்கள்?

#20 தண்டுவடம்

அங்கேதான் ஆபத்து. 24 முதல் 96 மணி நேரத்துக்குள் ஒரு தளர்ச்சி வரும். இலங்கையில் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987இல் இடைநிலை நோய்க்குறி என்று பெயரிட்டது இதற்குத்தான். எச்சில் இல்லை, வியர்வை இல்லை, மஸ்கரினிக் பக்கம் அமைதி. ஆனால் நரம்பு-தசைச் சந்தி களைத்துப்போய்க் கழுத்து, தோள், தொடை, கபால நரம்புத் தசைகள், கடைசியில் மூச்சு என்று தளரும். தினமும் இரண்டு வேளை தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் மூச்சுக்கருவியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அட்ரோபினைக் கூட்டிப் பயனில்லை.

மூன்றாவது கட்டமும் உண்டு, எல்லா மருந்துக்கும் அல்ல. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலி, பாதம் மரத்தல், பிறகு பாதம் தொங்கல். இது கோலினெஸ்டரேஸ் கதை இல்லை, நரம்பிழையிலுள்ள வேறொரு எஸ்டரேஸ். நீளமான இழைதான் முதலில் பட்டுப்போகும், ஆகவே காலுறை போட்ட அளவில் பாதத்தில் தொடங்கும்.

#21 கேத்தி_காய்கறி

அதை வீட்டில எப்படிக் கண்டுபிடிக்கிறது? சரிவுல நடக்கிறவங்களுக்குக் கால் வலி எப்பவும் இருக்கும்.

#22 தண்டுவடம்

செருப்பைக் கேளுங்கள். நடக்கும்போது செருப்பு கழன்றுவிட்டது, கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்ச்சி இழை போயிருக்கிறது. கழல்வது தெரிகிறது, பிடித்துவைக்க முடியவில்லை என்றால் இயக்க இழை. பிறகு குதிகாலில் நாலடி நடக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்கினால் முடியாது. மரத்த பாதம் என்றால் ராத்திரி கணப்பு அடுப்புப் பக்கம் காலை நீட்டக் கூடாது, வெந்நீர்ப் பையும் கூடாது. வெந்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்கும் இதே விதிதான்.

#23 கேத்தி_காய்கறி

சரிங்க ஐயா. கடையில நாளைக்கே மேன்கோசெப் விஷயத்தைச் சொல்லிடுறேன்.

#24 அவசரப்_பிரிவு

பம்ப் மூடியின் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள்.